ரெட்ரோநெக்டின்: காசுக்கு ஏற்ற சரக்குதானா?

எலிக்கு ரத்தப் புற்றுநோய் வரவைக்கும் மோலனி வைரஸின் சொந்த மரபணுக்களை நீக்கிவிட்டு, நமக்கு வேண்டிய மரபணுவை உள்ளே வைத்தால் வெக்டர், அதாவது மரபணுவைச் சுமக்கும் வண்டி, தயார். அதை ரத்த செல்லுக்குள் ஏற்றுவதுதான் பெரும்பாடு. இந்த செல்கள் தட்டில் ஒட்டாமல் மிதக்கும், வைரஸும் அப்படியே. தகாரா நிறுவனத்தின் ரெட்ரோநெக்டின் ஃபைப்ரோநெக்டின் புரதத்தின் ஒரு துண்டு. தட்டில் பூச்சாகப் பூசினால், ஒரு பகுதியால் வைரஸையும் மற்ற பகுதிகளால் செல்லையும் பிடித்துப் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைக்கும். வைரஸ் செல்லில் ஏற உதவும் பாலிபிரீன் என்ற ரசாயனம் மலிவுதான், ஆனால் ஸ்டெம் செல்கள் அதைச் சரியாகத் தாங்குவதில்லை. அந்த வேலைக்கு இதையே வாங்குங்கள்.

0.5 மி.கி. குப்பி போதும். பிபிஎஸ் உப்புக் கரைசலில் மி.லி.க்கு 20 மைக்ரோகிராம் கலந்து, 24 குழித் தட்டில் குழிக்கு 0.5 மி.லி. விட்டால் 50 குழி வரும். அறை வெப்பத்தில் 2 மணி நேரம், அல்லது 4 டிகிரியில் ராத்திரி முழுக்க. பிறகு 2% பிஎஸ்ஏ (மாட்டு ரத்தப் புரதம்) 30 நிமிடம், ஒரு கழுவு. வைரஸை ஊற்றி 32 டிகிரியில் 2000 ஜி வேகத்தில் 2 மணி நேரம் சென்ட்ரிஃபியூஜில் சுற்றுங்கள். மேல்நீரை எடுத்துவிட்டுத்தான் செல்லைப் போட வேண்டும். வைரஸ் ஒட்டவிடாமல் தடுக்கும் பொருள்கள் அந்த நீரோடு போய்விடும்.

சொதப்புவது பெரும்பாலும் தட்டில்தான். செல் வளர்ப்புக்கென்று பதப்படுத்திய தட்டு ஆகாது, பதப்படுத்தாததே வேண்டும். குப்பியை வோர்டெக்ஸ் என்ற குலுக்கும் கருவியில் வைக்காதீர்கள். இந்த வைரஸ் பிரிந்து பெருகும் செல்லுக்குள் மட்டுமே வேலை செய்யும். டி செல் என்ற வெள்ளை ரத்த அணுவை, அதன் மேலிருக்கும் சிடி3, சிடி28 புரதங்களைப் பிடிக்கும் ஆன்டிபாடிகள் கொடுத்து 2 நாள் முன்பே பிரியத் தூண்டாமல் சரக்கைக் குறை சொல்வது நியாயமில்லை.

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்து ஆய்வகங்களுக்கு ஒன்று: ஆனி, ஆடிச் சாரலில் கரண்ட் போய்ப் போய் வரும். ரெட்ரோநெக்டின் குப்பி கைக்கு வந்ததும் சின்னச் சின்னக் குழாய்களில் பிரித்து மைனஸ் 20-இல் வையுங்கள். தானாகப் பனி உருக்கும் ஃப்ரிட்ஜ் வேண்டாம். சென்ட்ரிஃபியூஜுக்கு யுபிஎஸ் இல்லையென்றால் அன்றைக்கு வைரஸை உருக்கவே உருக்காதீர்கள். திரும்ப உறையவைத்தால் அதன் வீரியம் மளமளவென்று இறங்கிவிடும்.

பாரிஸில் எதிர்ப்பாற்றல் இல்லாமல் பிறந்த குழந்தைகளுக்கு நடந்த சிகிச்சையிலும் இந்தத் துண்டுதான் பயன்பட்டது. 2000-இல் வெற்றி என்று வெளியானது. 2002 முதல் சில குழந்தைகளுக்கு லுக்கேமியா வந்தது. அதற்குக் காரணம் இந்தப் பூச்சு இல்லை. வைரஸ் மரபணுவின் எல்டிஆர் என்ற முனையில் இருந்த தூண்டுபகுதி, செல்லின் எல்எம்ஓ2 என்ற புற்றுநோய் தூண்டும் மரபணுவின் அருகில் போய் உட்கார்ந்து அதை முடுக்கிவிட்டது. ஆகவே அந்தத் தூண்டுபகுதி நீக்கிய, எஸ்ஐஎன் என்று அழைக்கப்படும் வெக்டரையே எடுங்கள். பூச்சு நன்றாக வேலை செய்யும்போது ஒரே செல்லில் வெக்டரின் பல பிரதிகள் ஏறிவிடும். செல்லுக்குச் சராசரி 5 பிரதிக்குக் கீழே இருக்கிறதா என்று க்யூபிசிஆர் என்ற டிஎன்ஏ அளவிடும் சோதனையில் பாருங்கள். மீறினால் வைரஸைக் குறையுங்கள், பூச்சைக் குறைக்காதீர்கள். பூச்சு மெலிந்தால் குழிக்குக் குழி முடிவு மாறும்.