தொப்புள் வலிக்கு எண்ணெய் வாங்கக் கிளம்புகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

பாம்பன், மண்டபம், உச்சிப்புளிப் பக்கத்து வாட்ஸ்ஆப் குழுக்களில் அந்த நோட்டீஸ் மறுபடியும் சுற்றத் தொடங்கியிருக்கிறது. "தொப்புளைச் சுற்றி வலியா? ஸ்கேனில் ஒன்றுமில்லை என்கிறார்களா? 72,000 நரம்புகளின் முடிச்சு தொப்புளில் இருக்கிறது. 48 நாளில் நிரந்தரத் தீர்வு." போன வருடம் இதே நோட்டீஸைப் பார்த்துவிட்டுப் போனவள் நான். 6,300 ரூபாய் கொடுத்தேன். பிறகு ஒரு நள்ளிரவில் மீன் ஏற்றுகிற வண்டியில் கிடந்தபடி ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

நோட்டீஸ் போட்ட அந்த எண்ணெய் மையத்தின் பெயரை எழுதப்போவதில்லை. புகார் நடந்துகொண்டிருக்கிறது. தவிர, பலகையைக் கழற்றி வேறு பெயரில் அடுத்த ஊரில் மாட்ட அவர்களுக்கு ஒரு வாரம் போதும். அவர்கள் பேசுகிற விதத்தைச் சொல்கிறேன், எங்கே கண்டாலும் அடையாளம் தெரியும்.

எனக்குக் கருவாட்டு வியாபாரம். விசைப்படகு மீன்தான் கருவாடு போடுகிற எங்கள் வாடிக்கு வரும். ஈரமீன் கூடையைத் தூக்குவது, உப்புத் தொட்டியில் குனிந்து கிளறுவது, மூட்டையை வண்டியில் ஏற்றிவிடுவது எல்லாம் நாங்களே. மூன்று பிள்ளை பெற்ற வயிறு. ஐப்பசி வாக்கில் தொப்புளுக்கு ஒரு விரல்கடை மேலே கிள்ளுவதுபோல ஒரு வலி வர ஆரம்பித்தது. காலையில் இருக்காது. மத்தியானம் தாண்டி வரும். ராத்திரி படுத்தால் அடங்கிவிடும். இரண்டு நாள் விட்டு மறுபடி வரும். இருமும்போது அந்த இடத்தில் சுண்டைக்காய் அளவுக்கு ஏதோ புடைக்கும். பிள்ளை பெற்ற வயிறு தொளதொளத்துப் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன். அதை யாரிடமும் சொல்லவில்லை. இதில் என் தப்பும் இருக்கிறது.

மெடிக்கல் கடையில் வாயு மாத்திரை கொடுத்தார்கள். தனியார் கிளினிக் ஒன்றில் மருத்துவர் நாற்காலியில் இருந்தபடியே கேட்டு, ஸ்கேனுக்கு எழுதினார். ஸ்கேன் எடுத்தவர் மல்லாந்து படுக்கச் சொல்லி, பசையைத் தடவி, ஈரல், பித்தப்பை, சிறுநீரகம் எல்லாம் பார்த்து "நார்மல்" என்று காகிதம் கொடுத்தார். அந்த ஒரு சொல்தான் என்னை இந்தக் கும்பலிடம் தள்ளியது. ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள், வலியோ இருக்கிறது. அப்படியானால் இவர்களுக்குத் தெரியாத ஏதோ ஒன்று என்றுதானே மனம் போகும்?

மாமியார் குடலேற்றம் என்றார். விளக்கெண்ணெய் தடவி, பழைய வேட்டியில் படுக்க வைத்து இரண்டு பக்கமும் பிடித்து உருட்டினார்கள். அதில் எனக்குக் குறை எதுவுமில்லை. யாரும் காசு வாங்கவில்லை, அன்போடு செய்தார்கள். அடுத்தது தொக்கம் எடுக்கிறவர். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

பித்தளைக் குழல் ஒன்றைத் தொப்புளுக்கு மேல் வைத்து, மறுமுனையில் வாயை வைத்து மூன்று முறை உறிஞ்சினார். பிறகு உள்ளங்கையில் துப்பிக் காட்டினார். ஒரு முள். "நெத்திலி முள் தாயே, ஆறு மாதமாகக் குடலில் குத்திக்கொண்டு நின்றிருக்கிறது" என்றார். இருபது வருடமாகக் கருவாடு தரம் பிரிக்கிறவளிடம் வந்து நெத்திலி முள் என்கிறார்! நெத்திலி முள் தலைமயிர் மாதிரி இருக்கும், மென்றால் இருக்கிற இடம் தெரியாது. அவர் கையில் இருந்தது காரல் முள், விறைத்துக்கொண்டு நின்றது. வயிற்றுக்குள் ஆறு மாதம் ஊறியதாகச் சொன்ன அந்த முள் வெயிலில் காய்ந்ததுபோல் வெளுத்திருந்தது. தோலில் ஒரு துளை கிடையாது. முள் எந்த வழியாக வந்தது என்று கேட்க நாக்கு நுனி வரை வந்துவிட்டது. மாமியார் பக்கத்தில் கும்பிட்டபடி நின்றார். 300 ரூபாயைக் கொடுத்துவிட்டு வந்தேன். மூன்று நாள் கஞ்சி மட்டும் குடிக்க வேண்டும், எந்தப் பாரமும் தூக்கக் கூடாது என்றிருந்தார். வலி வரவில்லை. வீட்டில் அவருக்குப் பெரிய பேர். ஐந்தாம் நாள் கூடை தூக்கினேன், வலி திரும்பிவிட்டது.

இந்த இடத்தில் எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

எண்ணெய் மையத்துக்குப் போனது சித்திரையில். ஒரு மாடி அறை, சுவரில் மனித உடம்புப் படம், தொப்புளிலிருந்து எல்லாப் பக்கமும் சிவப்புக் கோடுகள். பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டுக்கொண்ட ஒருவர் கட்டைவிரலைத் தொப்புளில் அழுத்தி, "துடிப்பு தெரிகிறதா? இது நடுவில் இருக்க வேண்டும். உங்களுக்கு இரண்டு விரல் விலகியிருக்கிறது" என்றார். என் விரலை எடுத்து வைத்துக் காட்டினார். உண்மையாகவே துடித்தது. அதில்தான் விழுந்தேன். மூன்று புட்டி எண்ணெய் 4,500, மூன்று முறை பிடித்துவிட 1,800. ரசீது கேட்டேன். "வைத்தியத்துக்கு ரசீது கேட்டால் பலிக்காது" என்று சிரித்தார். பணம் ஒரு தனி ஆளின் கணக்குக்குப் போனது. புட்டியில் உரிம எண் இல்லை, தயாரித்த தேதி இல்லை, யார் தயாரித்தது என்றும் இல்லை. சர்க்கரை, சிறுநீரகக் கல், குடல்வால் எல்லாம் குணமாகும் என்று மட்டும் கொட்டை எழுத்தில் இருந்தது.

ராத்திரி ஏழு சொட்டு தொப்புளில் விட்டுப் படுத்தேன். வலி நின்றது. ஒரு நாள், இரண்டு நாள் இல்லை, முழுதாக ஏழு வாரம்! நான் கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் சொன்னேன். வாடியில் என்னோடு வேலை பார்க்கிற அக்காவின் பையனுக்குத் தொப்புளைச் சுற்றி அடிக்கடி வலிக்கும், பாதிப் புட்டியை அவளுக்கு ஊற்றிக் கொடுத்தேன்.

நான் கணக்குப் போட மறந்தது ஒன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகவில்லை, வாடிக்கு மீன் வரவில்லை, நான் ஒரு கூடைகூடத் தூக்கவில்லை. வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்ததால் வந்த சுகத்துக்கு எண்ணெய்க்காரர் பேர் வாங்கிக்கொண்டார். தொக்கத்துக்காரர் மூன்று நாளில் வாங்கிய அதே பேர்தான். இந்த வலி தானாக வந்து தானாகப் போகிற வலி. போகிற சமயத்தில் யார் கை நம் வயிற்றில் இருக்கிறதோ அவர்தான் கைராசிக்காரர்.

தடை முடிந்து படகுகள் போயின. நான்காம் நாளே வலி வந்தது, முன்னைவிடக் கடுமையாக. புடைப்பு நெல்லிக்காய் அளவுக்கு ஆகியிருந்தது. மையத்துக்கு ஓடினேன். "கழிவு திரண்டு வெளியே வருகிறது, கரைத்துவிடலாம்" என்று இரண்டு கட்டைவிரலாலும் அந்தப் புடைப்பின் மேல் அழுத்தித் தேய்த்தார். கண்ணில் பூச்சி பறந்தது. அன்று ராத்திரி புடைப்பு உள்ளே போகவில்லை. கல்லாக இறுகி, மேல்தோல் சிவந்து, தொட்டால் உயிர் போனது. மூன்று முறை வாந்தி. காற்றுகூடப் பிரியவில்லை. என் வீட்டுக்காரர் அந்த ஆளுக்குப் போன் செய்தார். "நல்ல அறிகுறி. கழிவு வெளியேறும்போது இப்படித்தான் இருக்கும். காலை வரை பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்" என்றார். இந்த மூன்று வாக்கியங்களுக்காகத்தான் இந்தப் பதிவையே எழுதுகிறேன்.

ராமநாதபுரம் அரசு மருத்துவமனை 2022இல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையானது நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். ராத்திரி ஒரு மணிக்கும் அறுவை சிகிச்சை செய்ய ஆள் இருந்தது என் அதிர்ஷ்டம். பணியில் இருந்த பெண் மருத்துவர் துணியை விலக்கிப் பார்த்ததுமே சொல்லிவிட்டார்: தொப்புள் குடலிறக்கம். ஹெர்னியா என்றால் எல்லோருக்கும் புரியும். தொப்புள் பக்கத்தில் வயிற்றுத் தசையில் ஒரு சின்ன ஓட்டை, அதன் வழியாகக் குடலின் ஒரு சுருள் வெளியே வந்து மாட்டிக்கொண்டிருந்தது. அறுவை செய்தபோது நிறம் மாறத் தொடங்கியிருந்ததாம். விடுவித்ததும் நிறம் திரும்பியதால் வெட்டாமல் உள்ளே தள்ளினார்கள். காலை வரை பொறுத்திருந்தால் குடலை வெட்டி எடுக்க நேர்ந்திருக்கும் என்றார்.

மறுநாள் வார்டில் அவர் கேட்ட கேள்வி: "இதற்கு முன்னால் யாராவது உங்களை நிற்க வைத்து இருமச் சொன்னார்களா?" ஒருவர்கூடச் சொல்லவில்லை. வயிற்றைத் தொட்டுப் பார்த்த எல்லோருமே படுக்க வைத்தார்கள். படுத்தால் புடைப்பு உள்ளே போய்விடும், சின்ன ஓட்டையாக இருந்தால் ஸ்கேனிலும் தவறிவிடும். நிற்கும்போது, இருமும்போது, முக்கும்போது பார்த்தால் தெரியும். ஆகவே வேலை செய்தால் தொப்புளில் வலிக்கிறது, படுத்தால் போகிறது என்கிறவர்கள் மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே எழுந்து நின்று இருமிக் காட்டுங்கள். வெட்கப்பட்டுத்தான் நான் எட்டு மாதத்தைத் தொலைத்தேன்.

பல பிள்ளை பெற்றவர்கள், பாரம் தூக்குகிறவர்கள், உடல் பருத்தவர்கள், நாள்பட்ட இருமலும் மலச்சிக்கலும் உள்ளவர்கள் எல்லோருக்கும் இது வரலாம். கைக்குழந்தைக்கு இருந்தால் பெரும்பாலும் நாலைந்து வயதுக்குள் தானாக மூடிக்கொள்ளும். பெரியவர்களுக்கு மூடாது. ஓட்டையைத் தைத்து, தேவைப்பட்டால் மேலே வலை வைப்பார்கள். மருத்துவர் "வலை" என்றதும் வலிக்கு நடுவிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் வீட்டில் வலை பொத்தாத நாள் கிடையாது.

அந்தத் துடிப்பைப் பற்றியும் கேட்டேன். இதயத்திலிருந்து இறங்குகிற பெரிய இரத்தக்குழாய் தொப்புள் மட்டத்துக்குப் பக்கத்தில்தான் இரண்டாகப் பிரிகிறதாம். யார் வயிற்றில் அழுத்தினாலும் துடிக்கும், மெலிந்தவர்களுக்கு நன்றாகவே தெரியும். 72,000 நரம்பு? கொடி அறுந்த பிறகு தொப்புளுக்குப் பின்னால் இருந்த இரத்தக்குழாய்கள் மூடி வெறும் நார்களாகிவிடுகின்றன. விடுகிற எண்ணெய் தோலோடு நிற்கும், வயிற்றுக்குள் போகிற வழி கிடையாது.

தொப்புள் வலி எல்லாமே ஹெர்னியா என்று நான் சொல்ல வரவில்லை. சிறுகுடலிலும் குடல்வாலிலும் எழுகிற வலியை நம் உடம்பு தொப்புளைச் சுற்றித்தான் காட்டுமாம், அதனால் காரணம் பல. தொப்புளைச் சுற்றி ஆரம்பித்துச் சில மணி நேரத்தில் வலது அடிவயிற்றுக்கு நகர்ந்து, பசி போய், வாந்தியும் காய்ச்சலும் வந்தால் குடல்வால் அழற்சியாக இருக்கலாம்; அங்கே எண்ணெய், ஒத்தடம், வலி மாத்திரை எதுவும் வேண்டாம், ஆஸ்பத்திரிதான். தொப்புள் குழியில் நீரோ சீழோ கசிந்தால் கிருமித் தொற்று, அல்லது பிறவியிலேயே மூடாமல் நின்ற பாதை. பெண்களுக்கு மாதவிலக்கோடு சேர்ந்து ஒவ்வொரு மாதமும் தொப்புள் வலித்து வீங்கினால் மகப்பேறு மருத்துவரிடம் அதைச் சொல்லிக் காட்ட வேண்டும். புடைப்பு உள்ளே போகாமல் இறுகி, அதன் தோல் சிவந்தோ கறுத்தோ போய், வாந்தியும் வந்தால் 108ஐக் கூப்பிடுங்கள். எங்களுக்கு அந்த நேரத்தில் அதுகூடத் தோன்றவில்லை.

அக்காவின் பையன் விஷயம் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. தையல் பிரித்ததும் நானே அவர்களைக் குழந்தை மருத்துவரிடம் அழைத்துப் போனேன். பையன் பள்ளிக்கூடக் கழிப்பறைக்குப் போக அருவருத்து அடக்கி அடக்கி வைத்திருக்கிறான். மலச்சிக்கல், வேறொன்றுமில்லை. தண்ணீர், கீரை, காலையில் சாப்பிட்டதும் பத்து நிமிடம் கழிப்பறையில் உட்காரும் பழக்கம், கொஞ்ச நாளைக்கு ஒரு மருந்து. பிள்ளைகளுக்குத் தொப்புளைச் சுற்றி வந்து வந்து போகிற வலியில் பெரும்பாலானவற்றுக்கு ஆபத்தான காரணம் இருப்பதில்லை என்றார். ராத்திரித் தூக்கத்தில் எழுப்புகிற வலி, எடை குறைவது, மலத்தில் இரத்தம், பச்சையாக வாந்தி இவை இருந்தால் உடனே ஓட வேண்டும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டுப் போனபோது அந்த ஆள் என்னை யாரென்றே தெரியாது என்றார். பணம் அனுப்பிய பதிவு போனில் இருந்தது, புட்டியும் இருந்தது. 1954ஆம் ஆண்டிலேயே இதற்குச் சட்டம் இருக்கிறது: சர்க்கரை நோய், சிறுநீரகக் கல், குடல்வால் அழற்சி உள்ளிட்ட ஒரு பட்டியல் நோய்களைக் குணமாக்குவதாக மருந்துக்கு விளம்பரம் செய்யக் கூடாது. அந்தப் புட்டியில் மூன்றும் இருந்தன. மாவட்டச் சித்த மருத்துவ அலுவலருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். நுகர்வோர் உதவி எண் 1915இலும் பதிந்தேன். 2019 நுகர்வோர் சட்டப்படி நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. காலிப் புட்டி, நோட்டீஸ், பணம் அனுப்பிய பதிவு எதையும் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரம் எதிர்வீட்டு மதினி ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வந்தார். நடந்ததை முழுக்கக் கேட்டார். அந்த ஆளை நன்றாகத் திட்டினார். என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழவும் செய்தார். கிளம்பும்போது வாசலில் நின்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அந்த எண்ணெய் மிச்சம் ஏதாவது இருக்கிறதா? எனக்கு முழங்காலுக்கு."