தெரபி எப்படி? போய்ப் பார்த்த ஆளின் ரிவ்யூ

அவசரத்தில் இருப்பவர்களுக்காக முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தெரபிக்கு ஐந்துக்கு நாலு நட்சத்திரம். பதற்றத்துக்கு நன்றாகவே வேலை செய்கிறது, மனச்சோர்வுக்கும் செய்கிறது, என் விஷயத்தில் அது மட்டும் கொஞ்சம் மெதுவாக. ஒரு நட்சத்திரம் ஏன் குறைந்தது என்பதைக் கீழே சொல்கிறேன். இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுவது நல்லது: அந்த அறையில் உட்கார்ந்து பேசுகிற 50 நிமிடத்தில் நடப்பது குறைவுதான், அடுத்த செஷன் வரைக்கும் வீட்டிலும் வேலையிடத்திலும் என்ன செய்து பார்க்கிறோம் என்பதில்தான் மிச்சமெல்லாம் இருக்கிறது. இது தெரியாமல் போனால் "பேசினேன், அழுதேன், ஒன்றும் மாறவில்லை" என்று பாதியிலேயே வந்துவிடத் தோன்றும்.

நான் போனது இரண்டுக்கும் சேர்த்து. பதற்றமும் மனச்சோர்வும் பலருக்கு ஜோடியாகத்தான் வருகின்றன, ஒன்று ராத்திரி தூங்கவிடாது, இன்னொன்று காலையில் எழுந்திருக்கவிடாது. தெரபியில் பல வகை உண்டு, நான் எடுத்துக்கொண்டது சிபிடி எனப்படும் அறிதல் நடத்தைச் சிகிச்சை, அதனால் இந்த ரிவ்யூவும் பெரும்பாலும் அதைப் பற்றியதுதான்.

முதல் செஷன் கிட்டத்தட்ட நேர்காணல். தூக்கம், பசி, வேலை, வீடு, குடிப்பழக்கம் உண்டா, முன்பு ஏதாவது சிகிச்சை, தைராய்டு பார்த்தீர்களா என்றுகூடக் கேட்டார்கள் (தைராய்டு குறைந்தாலும் ஆள் இப்படித்தான் சோர்ந்து கிடப்பார், அதனால் இந்தக் கேள்வியைக் கேட்கிற ஆள் என்றால் எனக்கு மரியாதை கூடிவிடும்). அப்புறம் இரண்டு படிவம் கொடுத்தார்கள். மனச்சோர்வுக்கு பிஹெச்கியூ-9, பதற்றத்துக்கு ஜிஏடி-7. கடந்த இரண்டு வாரத்தில் இந்தத் தொல்லை எவ்வளவு அடிக்கடி இருந்தது என்று ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 3 வரை போட வேண்டும். முதலாவதில் அதிகபட்சம் 27, இரண்டாவதில் 21. இரண்டிலுமே 10 அல்லது அதற்கு மேல் வந்தால் இன்னும் கவனமாகப் பார்ப்பார்கள். எண்ணை மட்டும் வைத்து யாரும் நோய் என்று முத்திரை குத்துவதில்லை. அதன் உண்மையான பயன் அதைத் திரும்பத் திரும்ப நிரப்புவதில் இருக்கிறது. "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால் சோர்ந்த மனசுக்கு எப்போதும் "அப்படியேதான்" என்ற ஒரே பதில்தான் வரும், ஆனால் படிவத்தில் தூக்கத்துக்கு 3 போட்டுக்கொண்டிருந்த கை 1 போட ஆரம்பித்திருப்பது எனக்கு முன்னால் அந்தத் தாளுக்குத் தெரிந்துவிட்டது. மனச்சோர்வுப் படிவத்தின் ஒன்பதாவது கேள்வி செத்துப்போகலாம் என்ற எண்ணம் பற்றியது. அதற்கு உண்மையான எண்ணைப் போடுங்கள், அந்தக் கேள்வி அங்கே இருப்பதே அதற்காகத்தான். பேசுவதெல்லாம் வெளியே போகாது, உயிருக்கு ஆபத்து மாதிரிச் சில சமயங்களில் மட்டும் அந்த விதி தளரும் என்பதையும் ஆரம்பத்திலேயே சொல்லிவிட வேண்டும். எனக்குச் சொன்னார்கள்.

சரி, சிபிடி என்றால் என்ன? ஆரன் பெக் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1960-களில் இதை உருவாக்கினார். ஆள் மனப்பகுப்பாய்வில் பயிற்சி எடுத்தவர், நோயாளியைப் பேசவிட்டு ஆழ்மனதைத் தோண்டுகிற முறை அது. பேசிக்கொண்டிருக்கும்போதே நோயாளிகளுக்கு இன்னொரு எண்ண ஓட்டம் கீழே ஓடிக்கொண்டிருப்பதை அவர் கவனித்தார், "இவருக்கு என் பேச்சு போரடிக்கிறது", "நான் எதற்கும் லாயக்கில்லை" என்கிற மாதிரி. சட்டென்று வந்துபோகும், வந்ததே தெரியாது, ஆனால் மனநிலையைக் கீழே இழுத்துவிட்டுப் போய்விடும். தானியங்கி எண்ணங்கள் என்று இவற்றுக்குப் பெயர். பெக் 100 வயது வரை இருந்து 2021-ல் இறந்தார். இன்றைக்கும் எண்ணங்களை எழுதிப் பார்க்கச் சொல்லி தெரபிஸ்ட் கையில் கொடுக்கிற கட்டம் போட்ட தாள் அவரிடமிருந்து வந்ததுதான்.

அந்தத் தாளில் இப்படித்தான் எழுத வேண்டியிருக்கும். மேலதிகாரி "நாளைக்குக் கொஞ்சம் பேசணும்" என்று மெசேஜ் அனுப்புகிறார். வந்த எண்ணம்: வேலை போகப்போகிறது. எவ்வளவு நம்புகிறேன்: நூற்றுக்கு தொண்ணூறு. உடம்பில்: வயிறு பிசைகிறது. செய்தது: பழைய மெயில்களை ராத்திரி முழுக்கப் புரட்டியது. அடுத்த கட்டத்தில் அந்த எண்ணத்துக்கு ஆதரவாக என்ன இருக்கிறது, எதிராக என்ன இருக்கிறது என்று எழுத வேண்டும், கடைசியில் இப்போது எவ்வளவு நம்புகிறேன் என்று மறுபடி ஒரு எண். இதைப் பாசிட்டிவ் திங்கிங் என்று நினைத்துக்கொண்டு நக்கலடிப்பவர்கள் உண்டு. அந்த "ஆதரவாக" என்ற கட்டத்தைப் பார்த்தால் அப்படிச் சொல்ல மாட்டார்கள். நிஜமாகவே வேலை ஆட்டம் காண்கிறது என்றால் அதுவும் தாளில் வந்துவிடும், அப்போது பேச்சு எண்ணத்தை விட்டுவிட்டு "அப்படியானால் என்ன செய்யலாம்" என்று திட்டம் போடுகிற பக்கம் திரும்பிவிடும். எல்லாம் நல்லதாகவே நடக்கும் என்று யாரும் என்னை எழுத வைக்கவில்லை. ஆரம்பத்தில் தாளை நிரப்புவது ரொம்பச் செயற்கையாக, பள்ளிக்கூடத்தனமாக இருக்கும், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பதற்றத்தில் என்னை நிஜமாகவே அசைத்தது வேறு. பயத்தைத் தவிர்ப்பது கந்துவட்டிக்கு வாங்கின கடன் மாதிரி, வாங்கின நிமிடம் அப்பாடா என்று இருக்கும், ஒவ்வொரு முறையும் அசல் ஏறிக்கொண்டே போகும். எனக்குப் போன் பயம். தெரியாத எண் என்றால் எடுக்க மாட்டேன், கூப்பிட வேண்டியதை எல்லாம் மெசேஜில் முடித்துக்கொள்வேன். ஒவ்வொரு முறை தவிர்க்கும்போதும் கிடைக்கிற நிம்மதியை மூளை "தப்பித்ததால்தான் பிழைத்தோம்" என்று பதிந்துகொள்கிறது, போன் உண்மையில் ஆபத்தா இல்லையா என்று சோதித்துப் பார்க்க அதற்கு வாய்ப்பே கிடைப்பதில்லை. இதற்கு மருந்து, பயத்தைச் சின்னதிலிருந்து பெரியதாக ஏணி மாதிரி அடுக்கிக்கொண்டு கீழ்ப்படியிலிருந்து ஏறுவது. ஒரு கடைக்குப் போன் செய்து எத்தனை மணிக்கு மூடுவீர்கள் என்று கேட்பது கீழ்ப்படி. கூப்பிடும் முன்பு என்ன நடக்கும் என்று நினைக்கிறோமோ அதை எழுத வேண்டும் ("திட்டுவார்", "எனக்குப் பேச்சு வராது"), வைத்த பிறகு என்ன நடந்தது என்பதை அதற்குப் பக்கத்தில் எழுத வேண்டும். இரண்டுக்கும் இடையில் இருக்கிற தூரம்தான் மூளைக்குப் பாடம்.

ஒரு நுணுக்கம், வெளியில் அதிகம் பேசப்படாதது. கூப்பிடுவதற்கு முன்பு பேசப்போவதை முழுக்க எழுதிவைத்துக்கொண்டு படிப்பேன், அதையும் விடச் சொன்னார்கள், ஏனென்றால் அப்போது பிழைத்தது தாளால்தான் என்று மனசு கணக்கு எழுதிவிடும். பாதுகாப்பு நடத்தை என்பார்கள் இதை. தண்ணீர் பாட்டில் இல்லாமல் கிளம்பாமல் இருப்பது, துணைக்கு ஆள் இல்லாமல் வெளியே போகாமல் இருப்பது, ஏன், சில பேருக்கு மூச்சுப்பயிற்சியேகூட இந்தக் கணக்கில் சேர்ந்துவிடும். இணையம் முழுக்க மூச்சை இழுத்து விடு என்று போதிக்கிற காலத்தில் இதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. மூச்சுப்பயிற்சி கெட்டது என்று சொல்லவில்லை. பயத்தோடு கொஞ்ச நேரம் இருந்து பார்க்க அது தடையாகிவிடக் கூடாது, அவ்வளவுதான். பேனிக் அட்டாக் வருபவர்களுக்கு, இதயத்தை முதலில் டாக்டரிடம் காட்டிவிட்டு, நின்ற இடத்திலேயே ஓடச் சொல்லி நாற்காலியில் சுற்றச் சொல்லி வேண்டுமென்றே படபடப்பையும் தலைசுற்றலையும் வரவழைப்பதும் உண்டு. படபடப்பு என்றால் மாரடைப்பு இல்லை என்பதை உடம்பு இப்படித்தான் கற்றுக்கொள்கிறது.

மனச்சோர்வுக்கு வந்தால் முக்கியமான கருவி பார்க்க ரொம்பச் சப்பையாக இருக்கும், ஆனால் எனக்குப் பிடித்தது அதுதான். ஒவ்வொரு மணி நேரமும் என்ன செய்தேன் என்று எழுதிவைத்து, செய்த ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு சுகமாக இருந்தது, எவ்வளவு சாதித்த மாதிரி இருந்தது என்று இரண்டு எண். பிறகு அந்த எண்களைப் பார்த்து அடுத்த வாரத்துக்குச் சின்னச் சின்ன வேலைகளை நேரம் குறித்துப் போட்டுக்கொள்வது: காலையிலேயே குளித்துவிடுவது, தெருமுனை வரை நடந்துவிட்டு வருவது, ஒரு நண்பனுக்கு இரண்டு வரி அனுப்புவது. மனசு வந்தால் செய்யலாம் என்று காத்திருக்காமல், செய்துவிட்டு மனசு பின்னால் வருகிறதா என்று பார்க்க வேண்டும். படுக்கையில் கிடக்கும் ஆளிடம் நடந்துவிட்டு வா என்றால் எரிச்சல்தான் வரும், சொந்தக்காரர்கள் சொல்லியும் எனக்கு அதுதான் வந்தது. வித்தியாசம் என்னவென்றால் தெரபிஸ்ட் அதை நம்பிச் செய்யச் சொல்லவில்லை, செய்து பார்த்து எண் போடச் சொன்னார். 1996-ல் நீல் ஜேக்கப்ஸன் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் சிபிடியைப் பிரித்துப்போட்டுச் சோதித்தார்கள், இந்தச் செயல் பகுதியை மட்டும் செய்தவர்களுக்கும் முழுச் சிகிச்சை எடுத்தவர்களுக்கும் பலனில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

கவலை நேரம் என்று ஒன்றும் உண்டு. நாளில் ஒரு குறிப்பிட்ட நேரத்தைக் கவலைப்படுவதற்கென்றே ஒதுக்கிவிட்டு, மற்ற நேரத்தில் வருவதை எல்லாம் ஒரு வரியில் குறித்து அதற்குத் தள்ளிவைப்பது. கேலிக்கூத்தாகத் தெரியும். செய்து பாருங்கள், அந்த நேரம் வரும்போது பட்டியலில் பாதி ஆறிப்போய்க் கிடக்கும்.

இப்போது அந்த ஒரு நட்சத்திரத்துக்கு வருகிறேன். நான் முதலில் போன ஆள் சரியில்லை. தலையாட்டுவார், நடுநடுவே "மனச வேற எதுலயாவது திருப்புங்க" என்பார், என்ன முறை, எதை நோக்கிப் போகிறோம் என்று கேட்டால் "போகப்போகத் தெரியும்". போகப்போக ஒன்றும் தெரியவில்லை. விட்டுவிட்டு வேறு ஆளைப் பார்த்தேன். இந்தச் சேவையில் ஆளுக்கு ஆள் தரம் இவ்வளவு மாறுகிறது, அதைக் கண்டுபிடிக்கிற வேலையோ ஏற்கெனவே சோர்ந்துபோயிருக்கிற நம் தலையில்தான் விழுகிறது, இதற்குத்தான் குறைத்தேன். தெரபிஸ்டுக்கும் நமக்கும் இடையில் இருக்கிற ஒட்டுதல் பலனோடு தொடர்புடையது என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன, அதனால் சில சந்திப்புக்குப் பிறகும் மனசு திறக்கவில்லை என்றால் மாற்றுவதில் தப்பே இல்லை. முதல் நாளே கேட்டுவிடுங்கள்: எந்த முறையில் வேலை செய்வீர்கள், பலன் தெரிகிறதா என்று எப்படிப் பார்ப்போம், தெரியவில்லை என்றால் என்ன செய்வோம்? நல்ல ஆள் இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்க மாட்டார். சிபிடி என்றால் பொதுவாக 12 முதல் 20 செஷன் என்று கணக்கு வைப்பார்கள், வருடக்கணக்கில் முடிவே இல்லாமல் போகிறது என்றால் ஏன் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

மாத்திரையா தெரபியா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போடுவதில் எனக்கு ஆர்வம் இல்லை. மிதமான மனச்சோர்வுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு உதவுகின்றன, கடுமையாக இருந்தால் இரண்டும் சேர்ந்தால்தான் நல்லது. மாத்திரை முழுசாக வேலை காட்டச் சில வாரங்கள் ஆகும், அதை எழுதித் தருபவர் மருத்துவர், நிறுத்துவதும் அவரைக் கேட்டுத்தான். சிபிடிக்கு ஒரு கூடுதல் சாதகம், முடித்த பிறகும் கற்றது கையில் இருக்கும், அதனால் மறுபடி விழுவது குறைகிறது.

வீடியோவில் செய்தால் போதுமா என்று கேட்பார்கள். போதும். சிபிடியைப் பொறுத்தவரை நேரில் போனதற்கு அருகில் வரும் பலன் கிடைக்கிறது, கதவைச் சாத்திக்கொண்டு பேச இடம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆள் யாரும் இல்லாத செயலிகள் எனக்கு ஒத்துவரவில்லை, தாளை நிரப்பினாயா என்று கேட்க ஒரு மனுஷர் இருந்தால்தான் நிரப்புகிறேன். அந்த மனுஷர் பெரிய பட்டம் வாங்கியவராக இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை என்பதற்கு ஜிம்பாப்வே உதாரணம்: டிக்ஸன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் 2006-ல் அங்கே பாட்டிகளுக்குப் பயிற்சி கொடுத்து, கிளினிக் வாசலில் பெஞ்சு போட்டு உட்காரவைத்தார். 2016-ல் வெளிவந்த ஆய்வில், அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து பேசியவர்களுக்கு ஆறு மாதம் கழித்து மற்றவர்களைவிட அறிகுறிகள் குறைந்திருந்தன.

யாருக்கு இது போதாது என்பதையும் சொல்ல வேண்டும். இன்றைக்கே உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறது என்றால் அடுத்த வாரத்து அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்கக் கூடாது, அவசர சிகிச்சைக்குப் போங்கள், பக்கத்தில் இருக்கிற ஒருவரிடம் இப்போதே சொல்லுங்கள். வீட்டில் அடி வாங்கிக்கொண்டிருப்பவருக்கு எண்ணத்தைத் திருத்தும் தாள் கொடுப்பது அநியாயம், அவருக்கு முதலில் வேண்டியது பாதுகாப்பான இடம். சம்பளம் வராததால் வருகிற கவலைக்கும் தெரபி சம்பளம் வாங்கித் தராது.

முடிக்கும்போது ஒரு பக்கத்தில் எழுதவைத்தார்கள், சறுக்க ஆரம்பித்தால் எனக்கு முதலில் தெரிகிற அறிகுறி என்ன (போனைக் கவிழ்த்து வைப்பேன், குளிப்பது தள்ளிப்போகும்), அப்போது என்ன செய்வேன், யாரிடம் சொல்வேன் என்று. மூன்று முறையோ அதற்கு மேலோ மனச்சோர்வு வந்துபோனவர்களுக்கு, மறுபடி வராமல் தடுக்க தியானத்தோடு சேர்ந்த எட்டு வாரக் குழு வகுப்பு ஒன்றும் இருக்கிறது, கேட்டுப் பாருங்கள். நான் அதற்குப் போகவில்லை, அதனால் அதற்கு நட்சத்திரம் போட முடியாது.