ஹியரா, லிசனா? எது எங்க வரும்

நம்ம தமிழ்ல ரெண்டுக்குமே 'கேள்' தான், அதனாலதான் இந்த ரெண்டு வார்த்தையும் நம்மள இவ்ளோ குழப்புது. ஹியர்னா சத்தம் தானா வந்து காதுல விழுறது, லிசன்னா நாம மனசு வச்சு காது குடுத்து கேக்குறது. பக்கத்து வீட்டு மிக்ஸி சத்தம் வந்தா அது ஹியர், அம்மா சொல்றத போனை கீழ வச்சிட்டு கேட்டா அது லிசன். போன்ல சிக்னல் விட்டு விட்டு வரும்போது 'கேன் யூ ஹியர் மீ'ன்னு தான் கேக்கணும், அங்க லிசன் போட்டா அர்த்தமே மாறிடும்.

யாரை, எதை கேக்குறோம்னு சொல்லும்போது லிசனுக்கு அப்புறம் 'டு' கட்டாயம், 'லிசன் மீ' தப்பு, 'லிசன் டு மீ' தான் சரி. நிறைய பேர் சறுக்குறது இங்கதான். லிசன்ங்கிற வார்த்தையில டி (t) எழுத்து இருந்தாலும் அந்த சத்தம் வராது.

ஐஇஎல்டிஎஸ்ங்கிற இங்கிலீஷ் பரீட்சையில, ஆடியோ கேட்டு பதில் எழுதுற பகுதியில 40 கேள்வி, ஆடியோ ஒரே தடவைதான் ஓடும், அந்தப் பகுதிக்கு லிசனிங்னு பேர் வச்சது எவ்ளோ பொருத்தம் பாருங்க!

ஆனா 'கேள்விப்பட்டேன்'னு சொல்ல ஹியரோட இறந்தகால வடிவமான ஹெர்ட் (heard) தான். கோர்ட்ல நடக்குற விசாரணையும் ஹியரிங் தான்.