சார்லியின் சாக்லேட் ஆலை: 1971ஆ, 2005ஆ?

ஏழைச் சிறுவன் சார்லி, வோங்கா என்பவரின் சாக்லேட் ஆலையைச் சுற்றிப் பார்க்கப் போவதாக ரோல்ட் டால் 1964இல் எழுதிய கதைக்கு இரண்டு சினிமா வடிவங்கள் பிரபலம். ஒன்று மெல் ஸ்டூவர்ட் எடுத்த 1971 படம், இன்னொன்று டிம் பர்ட்டனின் 2005 படம். விடுமுறையில் வீட்டுப் பிள்ளைகளுக்கு எதைப் போடலாம் என்று வந்தபோது நான் பழையதைத்தான் எடுத்தேன்.

கண்ணுக்கு விருந்து புதியதுதான், அதில் சந்தேகமே இல்லை. கோணலாகச் சாய்ந்த வீடு, சொத்தைப் பருப்பைத் தட்டிப் பார்த்து ஒதுக்கும் அணில்கள் (நிஜ அணில்களையும் பழக்கி எடுத்தது) எல்லாம் அபாரம். பழையதில் அணிலுக்குப் பதில் தங்க முட்டையிடும் வாத்துகள். ஆலையில் வேலை செய்யும் குள்ள மனிதர்களான ஊம்பா லூம்பாக்களின் பாட்டுகளுக்கும் டால் எழுதிய வரிகளையே 2005இல் எடுத்துக்கொண்டார்கள். பழைய படமோ டாலுக்கே பிடிக்கவில்லை. அதற்குப் பணம் போட்டது குவேக்கர் ஓட்ஸ் கம்பெனி, வோங்கா பெயரில் மிட்டாய் விற்கும் நோக்கத்தோடு!

அப்படியும் பழையதை எடுத்ததற்கு ஒரே காரணம், அதில் சார்லிக்கு வேலை இருக்கிறது. 2005 சார்லி முதல் காட்சியிலிருந்தே தங்கமான பையன். குடும்பத்தை விட்டு வா என்று வோங்கா கூப்பிட்டதும் யோசிக்காமல் மறுத்துவிடுகிறான். அதன்பின் கதையே வோங்காவுக்கும் அவருடைய பல் டாக்டர் அப்பாவுக்கும் கைமாறிவிடுகிறது. இந்த அப்பா நூலில் கிடையாது.

1971 சார்லி தப்பு செய்கிறான். தாத்தாவோடு சேர்ந்து திருட்டுத்தனமாக சோடா குடித்து மேலே மிதந்துபோய், சுழலும் காற்றாடியில் கிட்டத்தட்ட மாட்டிக்கொள்கிறான். பரிசு எதுவும் கிடையாது, வெளியே போ என்று வோங்கா கத்துகிறார். எதிரிக் கம்பெனிக்காரனிடம் விற்றால் பணம் தரும் மிட்டாய் பையன் கையில் இருக்கிறது. கொடுத்துப் பழிவாங்கலாம் என்கிறார் தாத்தா. கடிகாரம், மேஜை எல்லாமே பாதியாக வெட்டியது போலிருக்கும் வோங்காவின் அறையில், சார்லி திரும்பி வந்து மிட்டாயை மேஜையில் வைக்கிறான். தலை நிமிராமலே வோங்காவின் கை நகர்ந்து அதை மூடுகிறது. பழைய வோங்காவாக வரும் ஜீன் வைல்டர் அந்த ஒரு அசைவில், புதிய வோங்காவான ஜானி டெப்பின் மொத்தப் படத்தையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டார் என்பது என் கட்சி.

"ஏன் குடுத்தான்? வித்திருக்கலாம்ல?" என்று சின்னவன் கேட்டான். பெரியவள் சண்டைக்குப் போனாள். இப்படி ஒரு வாக்குவாதத்துக்கு 2005 படத்தில் இடமே இல்லை.

குறை இல்லாமல் இல்லை. ஆலைக்குள் நுழையவே முக்கால் மணி நேரம் ஆகிறது, அம்மா பாடும் பாட்டில் எழுந்து போனால் நஷ்டமில்லை. படகுச் சுரங்கக் காட்சி உண்மையிலேயே பயமுறுத்தும். எங்கள் வீட்டில் ஏழு வயதுக்குக் கீழே யாரும் இல்லாததால் சின்னக் குழந்தைகளைப் பற்றி உறுதியாகச் சொல்லமாட்டேன். அவர்களுக்கென்றால் புதியதைப் போடுங்கள், அணில்களுக்காகவாவது உட்காருவார்கள்.