மவுசாகலையில் ஆறு வருஷம்: என் போட் இஞ்சினும் அதன் கரியும்

போட் இஞ்சினுக்கு முதல் எதிரி உப்பு என்பார்கள் கரையோரத்து ஆட்கள். மலையகத்து மஸ்கெலியாவில் உள்ள மவுசாகலை நீர்த்தேக்கத்தில், 15 குதிரைவலு டூ ஸ்ட்ரோக் அவுட்போர்ட் (போட்டின் பின்பக்கம் மாட்டும் இஞ்சின்) ஒன்றை ஆறு வருஷமாக ஓட்டுகிறேன். உப்பால் எனக்கு வந்தது ஒரே ஒரு தொல்லை. மற்றதெல்லாம் கரியும் சேறும்தான்.

நீர்கொழும்புப் பக்கமிருந்து பழசாக வாங்கிய இஞ்சின். இரண்டாம் வருஷக் கடைசியில் இழுவை விட்டுப்போனது. ஆறு பேரை ஏற்றினால் போட் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும், ஓடாது. பிளக் மாற்றினேன், கார்பரேட்டர் கழுவினேன், பலனில்லை. தேயிலைத் தோட்டத்து ஸ்டோரில் (தொழிற்சாலையில்) மெஷின் பார்த்து ஓய்வெடுத்த மாமா ஒருவர் வந்து, பிளக்கைக் கழற்றி முகர்ந்து பார்த்தார். "மருமகனே, இது மூச்சு விட முடியாம கெடக்கு. பொக போற பக்கத்த தொறந்து பாரு."

புகை போகும் பக்கத்து மூடியின் போல்ட்டுகளில்தான் பழைய கடல் உப்பு உட்கார்ந்திருந்தது. அலுமினியத்துக்குள் இரும்பு போல்ட், சுற்றிலும் வெள்ளைப் பொடி. அவசரப்பட்டேன், நாலாவது போல்ட் 'டக்' என்று தலை முறிந்தது. இப்போதெல்லாம் துரு இளக்கும் ஸ்பிரே அடித்து ஓர் இரவு விடுவேன். மறுநாள் முதலில் மயிரிழை இறுக்கிவிட்டுத்தான் தளர்த்துவேன்.

உள்ளே பார்த்தால், பெருவிரல் நுழைய வேண்டிய புகை வாசலில் சுண்டுவிரல்தான் போனது. அவ்வளவு கரி.

காரணம் எங்கள் மலைதான். கடல்மட்டத்துக்கு அமைத்த கார்பரேட்டர், ஏறக்குறைய 1,200 மீற்றர் உயரத்திலும் அதே அளவு பெற்றோலை விடும். காற்றின் அடர்த்தியோ பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. எரியாத மிச்சம் கரியாகப் படியும். நுவரெலியா கிரகரி வாவி 1,800 மீற்றருக்கும் மேலே. அங்கே ஓட்டுகிறவர்கள் பாடு இன்னும் மோசம். இது போதாதென்று, மீன்பிடிக்காரர்களை ஏற்றிக்கொண்டு மெதுவாக உருட்டுவது என் தொழில். டூ ஸ்ட்ரோக்குக்குப் பெற்றோலில் கலக்கும் ஒயிலும் கைக்கு வந்தபடி. என் இஞ்சினின் கையேட்டில் 50:1 என்றிருக்கிறது, அதாவது பெற்றோல் லீற்றருக்கு ஒயில் 20 மில்லிலீற்றர். நான் 'பாதுகாப்புக்கு' என்று அதைப்போல இரண்டு மடங்கு ஊற்றிக்கொண்டிருந்தேன்!

சுரண்டுவதற்கு ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம், அலுமினியம் கீறும். தேயிலைச் செடியில் கவ்வாத்து வெட்டிய காய்ந்த மிலாறை (குச்சியை) சீவினால் நல்ல உளி. சுரண்டுமுன் பிஸ்டனை மேலே கொண்டுவந்து அந்த வாசலை மூடிவிடுங்கள். இல்லையென்றால் கரித்தூள் சிலிண்டருக்குள் போகும். காஸ்கட் எப்போதும் புதுசு. போல்ட்டுகளுக்குக் கொஞ்சம் கிறீஸ், நடுவிலிருந்து வெளியே இறுக்க வேண்டும்.

கார்பரேட்டர் வழியாக அடிக்கும் கரி நீக்கி ஸ்பிரேயும் பாவித்துப் பார்த்தேன். இளசான கரிக்கு நல்லது. கல்லாகிப்போனதை அது அசைக்கவில்லை. அதை அடித்தால் கறுப்புத் தண்ணீர் கொட்டும். ஆகவே தண்ணீர் நிரப்பிய பீப்பாயில் இஞ்சினை இறக்கிக் கரையில்தான் செய்கிறேன். வாவிக்குள் செய்கிறவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

பிறகு கார்பரேட்டரில் சிறிய ஜெட் (பெற்றோல் வரும் துளை) போட்டேன், ஒயிலை அளந்து ஊற்றினேன், வாரத்தில் ஒருநாள் பத்து நிமிஷம் முழு வேகத்தில் விரட்டினேன். அடுத்த முறை திறந்தபோது மிலாறுக்கு அவ்வளவு வேலையில்லை. ஆனால் இதே இஞ்சினைக் கீழே விக்டோரியா நீர்த்தேக்கத்துக்குக் கொண்டுபோனால் பழைய ஜெட்டைத் திரும்பப் போட வேண்டும். மறந்தால் பெற்றோல் போதாமல் பிஸ்டன் கருகும்.

சேறு வேறு கதை. வரட்சியில் தண்ணீர் இறங்கி, மூழ்கிய பழைய மஸ்கெலியாவின் கோயிலெல்லாம் தலைகாட்டும் நாட்களில், கரையோரம் முழுக்கக் களி. சூடு தணிய இழுக்கும் தண்ணீரோடு இஞ்சின் அதையும் உறிஞ்சிக்கொள்ளும். புகைவழியைச் சுற்றியுள்ள தண்ணீர்ப் பாதைகளில் அது கருப்பட்டிபோல இறுகிவிடும். பக்கத்தில் பீய்ச்சும் தண்ணீர் (எங்கள் பையன்கள் அதற்கு வைத்திருக்கும் பெயரை எழுத முடியாது) மெலிந்தால் உடனே நிறுத்துங்கள். நான் ஒருமுறை கரை வரட்டும் என்று ஓட்டி, மூடியின் பெயின்ட் கொப்பளித்துவிட்டது.

முறிந்த போல்ட்டை ஹட்டனில் ஒரு லேத் பட்டறையில் துளையிட்டெடுத்து, புது மரை வெட்டினோம். இஞ்சின் நன்றாக இழுக்கிறது. அந்த நாலாவது போல்ட்டின் அடியில் மட்டும் இன்னும் ஒரு கறுப்புக் கசிவு.