சென்னை – பலாலி: 355 கிலோமீட்டருக்கு ஒரு நாள்

யாழ்ப்பாணத்தில் அக்கா வீடு. முன்பெல்லாம் கொழும்பில் இறங்கி, இரவு பஸ்ஸில் எட்டு மணி நேரம் குலுங்கித்தான் போவேன். இந்த முறை சென்னையிலிருந்து விமானத்தில் நேராகப் பலாலி, யாழ்ப்பாணத்து விமான நிலையம்.

நேர்கோட்டில் சுமார் 355 கிலோமீட்டர்தான், மதுரையைவிடவும் கிட்ட! ஜெட் இல்லை, விசிறி சுழலும் ஏடிஆர் 72. டிக்கெட்டில் ஒன்றேகால் மணி நேரம் போட்டிருந்தது. வானத்தில் இருந்தது அதைவிடக் குறைவு. இறக்கை தலைக்கு மேலே இருப்பதால் ஜன்னலை எதுவும் மறைக்கவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டே போகலாம். விசிறிச் சத்தம் பிடிக்காதவர்கள் பின்வரிசை கேளுங்கள். ஏறும் கதவும் பின்னால்தான், சீக்கிரம் இறங்கிவிடலாம்.

சரி, குறை? வீட்டிலிருந்து விடிகாலை ஐந்தரைக்குக் கிளம்பினேன். மீனம்பாக்கத்தில் காரணம் சொல்லாமல் இரண்டு மணி நேரம் உட்கார வைத்தார்கள். பெட்டி எடையிலும் கறார். அக்காவுக்கு வாங்கிய இரண்டு கிலோ முறுக்கைக் கைப்பைக்கு மாற்ற வேண்டியதாயிற்று. அக்கா வீட்டு வாசலை மிதித்தபோது மணி மூன்று.

ஆனாலும் இடுப்பு வலிக்கவில்லை. அடுத்த முறையும் இதில்தான். முறுக்கை மட்டும் ஒரு கிலோவாகக் குறைத்துக்கொள்வேன்.