கேசட்டைக் கணினியில் ஏற்ற நான்கு வழிகள்: எது எங்கே மக்கர் பண்ணும்?

கேசட்டைக் கணினியில் பதிவு செய்யும்போது ஒலி சரியாக வரவில்லை என்றால் எல்லோரும் முதலில் திட்டுவது மென்பொருளைத்தான். ஒலியைப் பதியும் ஆடாசிட்டி மென்பொருளை அழித்துவிட்டு மறுபடி நிறுவிப் பார்ப்பார்கள். கோளாறோ பெரும்பாலும் வயருக்கு அந்தப் பக்கம், டேப் ஓடும் இடத்தில் இருக்கும். அதனால் எந்த வழி நல்லது என்று கேட்டால், கோளாறு வரும்போது கை வைத்துச் சரிசெய்ய எதில் இடம் இருக்கிறது என்றுதான் நான் பார்ப்பேன்.

ஆன்லைனில் வாக்மேன் வடிவத்தில் கிடைக்கும் மலிவான யுஎஸ்பி கேசட் பிளேயர்தான் பலர் முதலில் வாங்குவது. வயர் ஒன்றே ஒன்று, செருகினால் கணினி அடையாளம் கண்டுகொள்ளும். சிக்கல், அதன் மோட்டாரும் சக்கரமும் பொம்மைத் தரத்தில் இருப்பது. நீட்டிப் பிடிக்கும் ஒரு நாதஸ்வர ஸ்வரத்தைப் போட்டுப் பாருங்கள், நடுக்கம் உடனே தெரியும். வேகம் ஒரே சீராகக் கூடியோ குறைந்தோ இருந்தால் மென்பொருளில் சரிசெய்துவிடலாம். சுருதி அரைக் கட்டை ஏறியிருந்தால் வேகம் ஏறக்குறைய 6 சதவீதம் கூடியிருக்கிறது என்று கணக்கு, அந்த அளவு குறைத்தால் போதும். நொடிக்கு நொடி மாறும் நடுக்கத்துக்கு அப்படி எளிய மருந்து கிடையாது. டேப்பின் இரைச்சலைக் குறைக்கும் டோல்பி வசதியையும் இதில் எதிர்பார்க்க வேண்டாம். அட்டையில் டோல்பி குறி போட்ட கேசட்டுகள் இதில் கூடுதல் இரைச்சலோடு, கொஞ்சம் கூர்மையாகத்தான் கேட்கும்.

அடுத்தது காசே செலவில்லாத வழி. வீட்டில் கிடக்கும் டூ-இன்-ஒன்னின் ஹெட்போன் துளையிலிருந்து ஒரு வயரை லேப்டாப்பில் செருகுவது. பழைய மேசைக் கணினியில் நீலநிற லைன்-இன் துளை (வெளிக்கருவியின் ஒலியை வாங்கும் துளை) இருந்தால் இது உண்மையிலேயே நல்ல வழி. இன்றைய லேப்டாப்பில் இருப்பது பெரும்பாலும் ஹெட்போனுக்கும் மைக்குக்கும் பொதுவான ஒரே துளை. சாதாரண ஸ்டீரியோ பின்னைச் செருகினால் லேப்டாப் அதை ஹெட்போன் என்றே நினைத்துக்கொள்ளும். அதாவது இரண்டு பக்கமும் ஒலியை வெளியே தள்ளுகின்றன, வாங்கிக்கொள்ள ஆளில்லை. ஆடாசிட்டியில் நேர்கோடு வருவதற்குப் பல நேரம் இதுதான் காரணம். அல்லது லேப்டாப்பின் சொந்த மைக் பதிவாகி, பாட்டோடு மின்விசிறிச் சத்தமும் சேர்ந்து வரும். மைக்குக்கென்று தனிப் பிரிப்பான் போட்டாலும் கிடைப்பது ஒரே சேனல். போதாக்குறைக்கு, மைக் துளை எதிர்பார்ப்பது சில மில்லிவோல்ட்தான். ஹெட்போன் துளை தருவது அதைப் போலப் பல மடங்கு. ஒலியலையின் தலை கத்தரித்தது போல் தட்டையாகிவிட்டால் அந்தக் கரகரப்பைப் பிறகு முழுதாக எடுக்கவே முடியாது.

நான் சிபாரிசு செய்வது மூன்றாவது வழியை: சர்வீஸ் செய்த பழைய கேசட் டெக்கோ டூ-இன்-ஒன்னோ, அதோடு லைன்-இன் உள்ள ஒரு சின்ன யுஎஸ்பி ஆடியோ பெட்டி. பெரிங்கர் யுசிஏ202 போன்றவை இந்த வேலைக்குப் போதும். 16 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வரை பதியும். கேசட்டில் இருப்பதற்கு அதுவே தாராளம். இதிலும் தொல்லைகள் உண்டு. விண்டோஸ் சில நேரம் இதை மைக் என்று எடுத்துக்கொண்டு ஒரே சேனலில் பதியும். ஒலி அமைப்பில் போய் இரண்டு சேனல் என்று மாற்ற வேண்டும், 'மெருகூட்டல்' என்று எது இருந்தாலும் அணைக்க வேண்டும். மைக் அனுமதியை அணைத்து வைத்திருந்தால் ஒலியே வராது. பெட்டியில் உள்வரும் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகு கிடையாது என்பதால், ஹெட்போன் துளையிலிருந்து எடுத்தால் டேப்பின் வால்யூமையே வைத்து, உச்சம் -6 டெசிபெலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

'ஹ்ம்ம்' என்று அடியில் ஓர் உறுமல் கேட்டால் முதலில் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். உறுமல் நின்றால் அது எர்த் வழியாக வந்த 50 ஹெர்ட்ஸ் தொல்லை. பேட்டரியில் ஓடவிட்டே பதிவை முடித்துவிடலாம். எர்த் பின்னை உடைப்பது என்ற நாட்டு வைத்தியம் மட்டும் வேண்டாம். டேப்பின் சொந்த ஸ்பீக்கரிலேயே உறுமல் கேட்டால், பிளேயரின் மின்சுற்றைத்தான் பார்க்க வேண்டும்.

எனக்கு இந்த வழி பிடித்திருப்பதற்கு உண்மையான காரணம், டேப்பைத் தொட்டு ஒலியைப் படிக்கும் ஹெட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு சின்னத் திருகு. சுருள்கம்பி மாட்டிய அந்தத் திருகுதான் ஹெட்டின் சாய்வைத் தீர்மானிக்கிறது. நம் ஊரில் 80களில் லிஸ்ட் எழுதிக் கொடுத்து ரெக்கார்டிங் கடையில் பதிந்து வாங்கிய கேசட்டுகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மெஷினில் பதிந்தவை. அந்த மெஷினின் ஹெட் சாய்வும் நம்முடையதும் பொருந்தாவிட்டால் பாட்டு போர்வைக்குள்ளிருந்து வருவது போல மந்தமாக இருக்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் ஹெட்டைத் துடைத்த பிறகும் மந்தம் போகவில்லையா? பாட்டை ஓடவிட்டு, காந்தமில்லாத சின்ன ஸ்குரூடிரைவரால் அந்தத் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். கால் சுற்றுக்குள்ளேயே சலங்கையும் தாளமும் சட்டென்று தெளிவாகும் இடம் வரும். அங்கே நிறுத்திவிட்டுப் பதியுங்கள். சமனாக்கியில் (ஈக்வலைசர்) ட்ரெபிளை ஏற்றுவதால் இது கிடைக்காது, இரைச்சல்தான் கூடும். பல டெக்குகளில் கேசட் கதவின் மூடியைக் கழற்றினால் திருகு கைக்கு எட்டும். மலிவு யுஎஸ்பி பிளேயரில் இது பெரும் போராட்டம்.

மோட்டாரின் சுழற்சியைக் கடத்தும் ரப்பர் பெல்ட் தார் மாதிரி உருகியிருந்தால் புது பெல்ட் போட்டே ஆக வேண்டும். சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் பழைய உதிரிபாகம் விற்கிற கடைகளில் விசாரியுங்கள். நீளம் தெரிய, பழைய பெல்ட்டைத் தூக்கிப் போடாமல் கொண்டுபோங்கள்.

நான்காவது வழியில் கணினியே வேண்டாம். டேப்பிலிருந்து நேராக ஜூம் எச்1என், டாஸ்காம் டிஆர்-05 வகைக் கையடக்க ரெக்கார்டருக்கு ஒலியைக் கொடுத்து, பிறகு மெமரி கார்டிலிருந்து நகலெடுத்துக்கொள்வது. டிரைவர், அனுமதி, நடுவே விக்கி விக்கி வரும் ஒலி என எந்தத் தலைவலியும் இல்லை. தானியங்கி லெவலையும், அடி ஒலியை வெட்டும் லோ-கட்டையும் அணைத்தால் சரி. விலை மட்டும் யுஎஸ்பி பெட்டியைவிடக் கூடுதல். நேர்காணல் எடுக்க ஏற்கெனவே ஒன்று வைத்திருப்பவர்கள் மறு யோசனையே இல்லாமல் இதைச் செய்யலாம். ஹெட் திருகும் பெல்ட்டும் இங்கேயும் டேப்பின் பக்கம்தான், அந்த வேலையிலிருந்து தப்ப முடியாது.

துபாயிலிருந்து அப்பா பேசி அனுப்பிய கேசட் மாதிரி ஒன்றிரண்டு மட்டுமே இருக்கிறது என்றால், பெட்டியும் வேண்டாம், பெல்ட்டும் வேண்டாம். மாற்றித் தரும் கடையில் கொடுத்துவிடுங்கள். கொடுப்பதற்கு முன் இரண்டு கேள்வி: கேசட்டுக்குக் கேசட் ஹெட் சாய்வைப் பார்ப்பார்களா, சுருக்காத டபிள்யூஏவி (WAV) ஒலிக்கோப்பாகத் தருவார்களா? ஒரு மணி நேரக் கேசட் அந்த வடிவில் 630 எம்பி போல வரும், பென் டிரைவ் எடுத்துப் போங்கள். பூஞ்சை பூத்த கேசட்டாக இருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். உங்கள் டெக்கில் போட்டு ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று இறங்கினால் ஹெட்டிலும் ரோலரிலும் ஒட்டி, அடுத்த கேசட்டுக்கும் பரவும்.